பெய்யட்டும் என்று சொல்லத்தக்கவர் யார்?

நமது சங்கத்தைச் சேர்ந்த இளம் உபாசகர் ஒருவரும் அவருடைய துணைவியாரும் சென்ற ஆவணித் திங்களில் இரண்டு மிதிவண்டிகளில் கூடாரமும் சிறு அடுப்பும் கட்டிக்கொண்டு பாலக்காட்டிலிருந்து இடுக்கி மலைக்குப் புறப்பட்டனர். அவர்களைத் தடுக்க முயன்றவர்களில் அடியேனும் ஒருவன். நான் சொன்ன காரணங்கள் இரண்டு. சொல்லாமல் மறைத்தது ஒன்று.

முதற் காரணம், அது வர்ஷாவாச காலம். மழைக்காலத்திலும் பிக்குகள் ஊர் ஊராய்த் திரிந்து இளம்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதிக்கிறார்களே, பறவைகள்கூட மரவுச்சியில் கூடுகட்டி ஓரிடத்தில் தங்குகின்றனவே என்று மக்கள் குறைகூறியபோது, பகவான் அக்குறையை ஏற்று மழைக்காலத் தங்கலை விதித்தருளினார் என்று விநய நூல் கூறும். பிக்குகளே நடவாத காலத்தில் இல்லறத்தார் ஊர்சுற்றுவதா என்று கேட்டேன். இரண்டாவது காரணம், வீடிருக்க வெளியில் படுப்பது துறவுமன்று, இல்லறமுமன்று, வேடிக்கையே என்பது.

மறைத்த காரணம் இது. ஆலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நான் வேலை செய்தேன். இரவு ஷிப்டுக்கு ஒன்பது கிலோமீட்டர் மிதிவண்டியில் போவேன். எனக்கு மழையென்றால் தாமதம். தாமதமென்றால் அரைநாட் கூலி போயிற்று என்று பொருள். அந்த மழையை விரும்பித் தேடிப் போகிறவர்களைக் கண்டபோது என் உள்ளத்தில் எழுந்தது தருமமன்று, பொறாமை. அதற்கு விநய நூலைப் போர்வையாக்கிக்கொண்டேன். இதை இப்போதாவது ஒப்புக்கொள்வது நலம்.

அவர்கள் போய்த் திரும்பினர். சென்ற வழியைக் கேட்டறிந்தவரையில் எழுதுகிறேன். பாலக்காட்டுக் கணவாய் மேற்குத்தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் வாயில். தென்மேற்குப் பருவத்தில் கடற்காற்று அவ்வழியே நம் கொங்குநாட்டுக்குள் புகும். கொல்லங்கோட்டு வயல்களையும் பனைகளையும் கடந்து கோவிந்தாபுரம் வரும்வரையில் காற்று முதுகைத் தள்ளிற்றாம். பொள்ளாச்சியில் சாரல். உடுமலையில் வெயில். சின்னாற்றில் முட்புதரும் வறண்ட பாறையும். அது மழைமறைவுப் பிரதேசம். யானை நடமாடும் காட்டுவழியாதலின் அங்கே தங்கலாகாது என்று பகலிலேயே கடந்து மறையூர் சேர்ந்திருக்கின்றனர். மறையூரில் கரும்பாலைப் புகையும் இளவெயிலும் இருந்தன. அங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் ஏறினால் மூணாறு. அந்த ஏற்றத்தின் பாதியிலே மூடுபனி. பிறகு கண்திறக்கவொண்ணாத மழை. ஒரே மலையின் ஒரு பக்கம் பாலை, மறுபக்கம் பிரளயம்.

மறையூர்ப் பாறைமேல் பழங்காலத்தார் கற்பலகைகளை நிறுத்தி மூடிய முனியறைகள் நிற்கின்றன. முனிவர் வாழ்ந்த அறைகள் என்று மக்கள் சொல்லுவர். ஆராய்ந்தவர் அவை இறந்தோர்க்கு எழுப்பிய கல்லறைகள் என்பர். உயிரற்றவர்க்குக் கட்டிய வீடுகள் நிலைத்துவிட்டன. உயிருள்ள தொழிலாளருக்குக் கட்டிய வீடுகள் என்னாயின என்பதைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

மூணாற்றுக்கு இப்பால் ஒரு தேநீர்க் கடைக்காரரின் இசைவுபெற்று அவர் கடையின் பின்புறம் கூடாரம் அடித்திருக்கின்றனர். நள்ளிரவில் தண்ணீர் உள்ளே புகுந்தது. பக்கத்து லயத்தில் விளக்கைக் கண்டு போய்த் திண்ணையில் ஒதுங்கினர். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் மூதாட்டி ஒருவர் கதவைத் திறந்தார். நம் தமிழ்ப் பெண்மணி. தலைதுவட்டத் துணி கொடுத்துவிட்டு அவர் கேட்ட முதற் கேள்வி, “ஏம்மா, உங்களுக்கு வீடு வாசல் இல்லையா?” என்பது.

“ஐயா, நீங்கள் ஒருமணி நேரம் கண்டித்தது என்னைச் சுடவில்லை, அந்த அம்மாளின் ஒரு கேள்வி சுட்டுவிட்டது” என்று அந்தப் பெண் என்னிடம் கூறினாள்.

அவ்வம்மையார் இரவு முழுதும் உறங்கவில்லையாம். பலத்த மழை பெய்தால் உறங்குவதில்லை என்றாராம். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு, இராஜமலைக்கு அப்பாலுள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தது. உறக்கத்திலேயே புதைந்தவர் பலர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்தமையால் மறுநாட் காலையிலேதான் வெளியுலகம் அறிந்தது. மாண்டோர் 70 பேர். அவர்களில் நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. பெரும்பாலோர் தமிழர், கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய ஏழை மக்களின் வழித்தோன்றல்கள். அம்மையாரின் உறவினரும் அவர்களுள் இருந்தனர். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், “எல்லாம் முன்வினை” என்று சொல்லிச் சென்றாராம். “அது மெய்தானா?” என்பதே அந்த உபாசகர் எனக்குக் கொண்டுவந்த கேள்வி. நான் இக்கட்டுரை எழுதப் புகுந்ததும் அதற்காகவே.

அன்பர்களே! இக்கேள்வி நமக்குப் புதியதன்று. நம் முன்னோர் குடிசை எரிந்தபோதும், குளத்து நீர் மறுக்கப்பட்டபோதும் சொல்லப்பட்ட விடை இதுவே. இதே கேள்வியை மோலியசீவகன் என்னும் பரிவிராஜகன் இராஜகிருகத்து வேணுவனத்தில் பகவானிடம் கேட்டான். மனிதன் நுகரும் இன்பதுன்பம் அனைத்தும் முன்செய்த வினையால் வருவனவே என்று சிலர் கூறுகின்றனரே, தாங்கள் யாது கூறுகிறீர்கள் என்றான். பகவான் அதை மறுத்தார். பித்தம், சிலேத்துமம், வாதம், இவை மூன்றும் கூடுதல், பருவமாறுதல், முறைகேடான நடத்தை, பிறர் செய்யும் தாக்குதல், வினைப்பயன் என்று காரணங்கள் எட்டு எனப் பகுத்தருளினார். வினை எட்டில் ஒன்று. பருவமாறுதலை அதிலிருந்து பிரித்துத் தனியே எண்ணினார் என்பதைக் கவனிக்க வேண்டும். சம்யுத்த நிகாயத்திலுள்ள இச்சூத்திரத்தை நம்மவர் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆகவே பெட்டிமுடியில் பெய்தது மழை. மழைக்குச் சாதியில்லை. ஆனால் சரிவின் அடியிலே வரிசையாக லயத்தை வைத்தது மழையா? வேலையிலிருந்து ஓய்வுபெற்றால் லயத்தையும் விட்டிறங்க வேண்டும் என்னும் ஏற்பாடு வானத்திலிருந்து விழுந்ததா? கூலிக்காகவும் போனசுக்காகவும் 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்த மலைப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுத் தாமே சாலையில் அமர்ந்தார்களே. முன்வினையென்று நம்பியிருந்தால் அமர்ந்திருப்பார்களா? மழை பருவத்தின் செயல். வீட்டை எங்கே கட்டுவது என்பது மனிதரின் செயல். இரண்டையும் கலந்து, செத்தவர் தலையிலேயே பொறுப்பைச் சுமத்துவது பொய்க்காட்சி. “எல்லாம் அநித்தியம்” என்று நம்மவர் சிலர் கூறிக் கடந்துபோவதும் எனக்கு உவப்பில்லை. சொல் உண்மைதான், சொல்லுகிறவர் உலர்ந்த இடத்தில் நின்றுகொண்டு சொல்லலாகாது.

நிற்க. இனி மழையை விரும்பிப் போன இருவர் செய்தது தவறா? சுத்தநிபாதத்தில் தனியன் என்னும் ஆயன் வருகிறான். மகி நதிக்கரையில் வாழ்பவன். சோறு சமைத்தாயிற்று, பால் கறந்தாயிற்று, கூரை வேய்ந்தாயிற்று, தீ மூட்டியாயிற்று. ஆதலின் வானமே, விரும்பினால் பெய்துகொள் என்கிறான். அதே கரையில் ஓரிரவு தங்கிய பகவானும் வானத்துக்கு அவ்விதமே விடைகொடுக்கிறார். ஆனால் அவர் குடில் திறந்து கிடக்கிறது. அவருடைய தீ அணைந்துவிட்டது. ஒருவன் எல்லாம் இருப்பதால் அஞ்சவில்லை. ஒருவர் எதையும் பற்றாததால் அஞ்சவில்லை. முடிவில் ஆயனும் அவன் மனைவியும் ஒருங்கே சரணம் புகுகின்றனர்.

இக்கதையை நூறு மேடைகளிலாவது சொல்லியிருப்பேன். அந்தத் திண்ணையைப் பற்றிக் கேட்ட பின்னர்தான் அங்கே மூன்றாமவர் ஒருவர் விடுபட்டிருப்பது தெரிந்தது. கூரையும் தனதன்று, பற்றும் விடவில்லை, மழையில் உறங்கவும் இயலாது. அவர் “பெய்யட்டும்” என்று எப்படிச் சொல்வார்? கூடாரத்தில் படுத்தவர்கள் தம்மைப் பகவானைப்போல எண்ணிக்கொண்டிருக்கலாம். உண்மையில் அவர்கள் தனியனைப் போன்றவர்களே. கோயமுத்தூரில் அவர்களுக்குக் காரை வீடு இருக்கிறது. ஆனாலும் அவர்கள் போயிராவிட்டால் அந்த மூன்றாமவரின் திண்ணை எனக்கும் தெரிந்திராது. வேடிக்கையாகத் தொடங்கியது வேடிக்கையாகவே முடியவேண்டும் என்பதில்லை.

மேலும் ஒன்று. 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய சாலையில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. அந்த ஆண்டுகளில் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத் தெருவில் நடப்பதற்கும் போராட வேண்டியிருந்தது. என் தந்தையார் ஊர்த்தெரு வந்தால் மிதிவண்டியை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டு போவார். பின்னே கம்பியில் உட்கார்ந்திருக்கும் நானும் இறங்கி நடப்பேன். அவருடைய பேரப்பிள்ளை வயதுள்ள ஒரு பெண், எங்கும் இறங்காமல் பாலக்காட்டிலிருந்து மூணாறு வரைக்கும் போயிருக்கிறாள். ஏற்றத்தில் இறங்கியதுண்டாம், அது மூச்சு வாங்கியதால். அதை வேடிக்கை என்று கூறிய என் நாவை நான் என்ன செய்வது?

விடிந்ததும் அவர்கள் பணம் நீட்டியிருக்கின்றனர், அம்மையார் வாங்கவில்லை. கூடாரத்தின் மேல்விரிப்பான தார்ப்பாயை அங்கேயே, ஒழுகும் சமையலறைக் கூரைமேல் கட்டிக் கொடுத்துவிட்டு, மறையூர் வரையில் நனைந்துகொண்டே இறங்கியிருக்கின்றனர். வருகிற தைத்திங்களில் மறுபடியும் அம்மையாரைக் காணப் போகிறார்களாம், என்னையும் அழைத்தார்கள். மலை ஏறும் வயதா எனக்கு என்று என் மனைவி கேட்கிறாள். பழைய வண்டிக்கு டயர் மாற்றக் கொடுத்திருக்கிறேன்.