கொஞ்சம் மறக்கட்டும்

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஆறில் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த வீட்டு நாட்காட்டியே மாறிவிடும். பாட்டி ஊரிலிருந்து வருவது, சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் திருச்சிக்குப் போவது, கூடத்துக்குச் சாயம் பூசுவது எல்லாமே “பிஎஸ்எல்இ முடியட்டும்” என்ற ஒரே பேச்சில் அக்டோபருக்குத் தள்ளிப் போய்விடும். தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் இது 1960இல் தொடங்கிய தேர்வு. எங்கள் அப்பா எழுதினார், நான் எழுதினேன், மூத்தவள் எழுதிவிட்டு உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். இப்போது சின்னவன் முறை.

என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: எவ்வளவு நேரம் படிக்கிறான்? மின்தூக்கியில் பக்கத்து வீட்டு அக்கா கேட்கிறார், கோயிலில் கேட்கிறார்கள், அவனுக்கு முடிவெட்டுகிறவர்கூடக் கேட்டார். எதை எத்தனை நாள் கழித்துத் திரும்பப் பார்க்கிறான் என்று யாரும் கேட்டதில்லை. எனக்கோ அதுதான் பெரிய கேள்வியாகப் படுகிறது. ஒரு பாடத்தைப் படித்த சூட்டோடு மறுபடி ஒப்பிக்க வைப்பது பாதிக்கு மேல் நம் நிம்மதிக்காகத்தான். தடுமாறாமல் சொன்னால் நமக்கு வயிறு குளிர்கிறது. சில நாள் விட்டுக் கேட்டால் திணறுவான். அதைப் பார்க்க நமக்குத் தாங்காது. ஆனால் படிப்பு என்பது அந்தத் திணறலில்தான் நடக்கிறது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885இல் புத்தகம் எழுதினார். ஒரே மூச்சில் படிப்பதைவிடப் பல நாளாகப் பிரித்துப் படித்தால் குறைந்த உழைப்பே போதும் என்பதையும் அவர் அப்போதே பார்த்துவிட்டார். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து வேறொன்றைச் சோதித்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரிவதெல்லாம் அந்த ஐந்தாவது நிமிடம்தான்.

அறிவியல் பாடத்தில் இது நன்றாகத் தெரியும். தொடக்கநிலை மூன்றில் தொடங்கி நான்கு ஆண்டுப் பாடமும் தேர்வுக்கு உண்டு. ஒன்பது வயதில் படித்த காந்தமும் கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியும் பன்னிரண்டு வயதில் கேள்வியாக வந்து நிற்கும். ஜூன் விடுமுறையில் ஒரு நாள் காப்பிக்கடையில் அவனுக்கு ஐஸ் போட்ட மைலோ பெங் வாங்கிக் கொடுத்தேன். கண்ணாடிக் குவளையின் வெளிப்பக்கம் வியர்த்து, மேசையில் வட்டமாக ஈரம்.

“இந்தத் தண்ணி எங்கேருந்துடா வந்துச்சு?” என்றேன்.

“ஐஸ் கரைஞ்சு…” என்று ஆரம்பித்தவன் குவளையைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தான். ஒழுகவில்லை. உறிஞ்சுகுழலைக் கடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தான். “காத்துல இருக்கற வாட்டர் வேப்பர்மா. கூலா இருக்கற கிளாஸ் மேல பட்டு கண்டென்ஸ் ஆயிடுச்சு.”

சரிதான். ஆனால் தேர்வுத்தாளில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்காது. காற்றிலுள்ள நீராவி, தன்னைவிடக் குளிர்ந்த வெளிப்பரப்பைத் தொட்டு, வெப்பத்தை இழந்து, நீர்த்துளியாகிறது என்று வரிசையாக எழுத வேண்டும். அவன் விட்டது வெப்பத்தை இழப்பதை. அதை மட்டும் சொல்லிவிட்டு, மைலோவைக் குடிக்க விட்டேன். வீட்டுக்கு வந்து பயிற்சித்தாள் எதையும் எடுக்கச் சொல்லவில்லை. பள்ளி திறந்த பிறகு ஒரு மாலை, அவன் குளித்துவிட்டு வந்தபோது மங்கிப் போயிருந்த கண்ணாடியைக் காட்டிக் கேட்டேன். வெப்பம் இழந்தது வந்துவிட்டது. இந்த முறை ‘குளிர்ந்த’ நழுவியிருந்தது. ஆகஸ்டில் வேறு எதையாவது காட்டிக் கேட்பேன். தேர்வு தொலைவில் இருக்கும்போது இடைவெளி நீளமாக இருக்கலாம், நெருங்க நெருங்கக் குறுகினால் போதும். எங்கள் வீட்டுத் திட்டம் என்று ஒன்று இருந்தால் அது இவ்வளவுதான்.

என் கணவரின் திட்டம் வேறு. அவர் எக்செல்லில் ஓர் அட்டவணை போட்டிருந்தார். ஆங்கிலம் நீலம், கணிதம் சிவப்பு, அறிவியல் பச்சை, தமிழ் மஞ்சள். ஜூலை முதல் செப்டம்பர் கடைசிவரை ஒரு கட்டம்கூட வெள்ளையாக இல்லை. “ஏங்க, இவனுக்குக் காய்ச்சல் வந்தா எந்தக் கலர்?” என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் நான் விளையாட்டாகக் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பையனுக்குச் சளி பிடிக்கும், பள்ளியில் வீட்டுப்பாடம் கூடும், சில நாள் காரணமில்லாமலே எதுவும் ஓடாது. காலியிடம் இல்லாத அட்டவணை முதல் வாரத்திலேயே பின்தங்கும்; அதன்பின் பிள்ளை படிப்பது பாடத்துக்காக அல்ல, பாக்கியைத் தீர்ப்பதற்காக. இப்போது சனிக்கிழமை முழுக்க வெள்ளை. விட்டுப்போனது ஏதாவது இருந்தால் அன்று சேரும், இல்லாவிட்டால் கீழே போய்ப் பந்து விளையாடுவான்.

தேர்வு செப்டம்பர் கடைசியில் என்று நினைத்து வேகத்தைக் கணக்கிடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். எழுத்துத் தேர்வுதான் அப்போது. வாய்மொழித் தேர்வு வழக்கமாக ஆகஸ்டு நடுவிலேயே வந்துவிடும், கேட்டல் கருத்தறிதல் செப்டம்பர் நடுவில். தமிழில் வாய்மொழிக்கு 25 விழுக்காடு, கேட்டலுக்கு 10. அதாவது பேனாவைத் திறக்குமுன்பே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முடிந்துவிடுகிறது. இந்தப் பங்கைக் கடைசி நேரத்தில் குவித்துப் படிக்கவே முடியாது. ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்க வேண்டும், பிறகு திரையில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு ஆசிரியரோடு உரையாட வேண்டும். நாள் முழுக்க ஆங்கிலத்தில் யோசிக்கிற பிள்ளையிடம் தமிழில் கருத்துக் கேட்கிறார்கள். மாதிரிப் பதில்களை உருப்போட்டுப் போகிற பிள்ளைகள் உண்டு. இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

அதற்கு நான் அறிந்த ஒரே வழி இரவுச் சாப்பாடு. ஜனவரியிலிருந்தே அந்த நேரத்துக்கு மட்டும் தமிழ். எம்ஆர்டி ரயிலில் ஒரு பாட்டி நின்றுகொண்டிருக்க, இளைஞர் ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததை அவன் ஒரு நாள் சொன்னான். “அவருக்கும் உடம்பு சரியில்லாம இருந்திருக்கலாம்ல?” என்று அவன் அக்கா கேட்க, இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றி, ரசம் ஆறிவிட்டது. காணொளி உரையாடலில் கேட்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான்: என்ன நடந்தது, நீயாக இருந்தால் என்ன செய்வாய், ஏன்? அவனுக்கு அது படிப்பு என்றே தெரியாது.

கணிதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கும் பயிற்சி நூல்கள் அத்தியாயம் அத்தியாயமாக இருக்கும். பின்னம் என்று தலைப்பிட்ட பக்கத்தில் இருபது கணக்கும் பின்னமே. கேள்வியைப் படிக்குமுன்பே எந்த வழி என்று தெரிந்துவிடுகிறது. தேர்வில் தலைப்பு இருக்காது; விகிதமா, விழுக்காடா என்று கண்டுபிடிப்பதே பாதிக் கணக்கு. அதனால் ஜூலை முதல் பல தலைப்பிலிருந்தும் கலந்து நான்கைந்து மட்டும் கொடுக்கிறேன். தவறுகள் கூடும். கூடினாலும் எந்தக் கணக்கில் வழியே தெரியாமல் நின்றான், எதில் கூட்டலில் சறுக்கினான் என்று பிரித்துப் பார்க்க முடிகிறது.

2021இலிருந்து மதிப்பெண் முறையும் மாறியிருக்கிறது. முன்பு மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் டி-ஸ்கோர். இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் எட்டுப் படிகளில் ஏஎல் என்ற அடைவுநிலை. 90 எடுத்தாலே ஏஎல் 1. அதற்குக் கீழே 75 வரை ஐந்தைந்து மதிப்பெண்ணுக்கு ஒரு படி; பிறகு படிகள் அகலமாகின்றன. 65 முதல் 74 வரை ஐந்தாம் படி, 45 முதல் 64 வரை ஆறாம் படி. நான்கு பாடத்தையும் கூட்டினால் மிகச் சிறந்தது 4, கடைசி 32. ஒரு மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளைப் பிழிய வேண்டாம் என்பதுதான் நோக்கம். 92 எடுக்கிற பாடத்தை 97 ஆக்குவதில் இனி எந்த லாபமும் இல்லை. எங்கள் வீட்டில் ஆங்கிலத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு, அந்த நேரத்தை அறிவியலுக்குக் கொடுத்தது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

ஆனால் பெற்றோர் குழுக்களில் இப்போது எல்லைக்கோட்டு வேட்டை நடக்கிறது. 84க்கும் 85க்கும் நடுவில் பிள்ளையின் எதிர்காலமே தொங்குவதுபோல் இரவு பதினொரு மணிக்குச் செய்தி வருகிறது. ஒரு மாலை உட்கார்ந்து பார்த்துவிட்டு மூடிவைக்க வேண்டிய கணக்கு இது. இன்னொன்றும் உறுத்துகிறது. 48இலிருந்து 62க்கு ஏறிய பிள்ளை ஏஎல் 6இல் ஏறி ஏஎல் 6இலேயே நிற்கும். பதினான்கு மதிப்பெண் உழைப்பு தாளில் எங்கும் தெரியாது. அப்படி ஒரு பிள்ளை என் தோழி வீட்டில் இருக்கிறாள். அவள் அம்மா படியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். நான் தோழியிடம் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

2023 முதல் எல்லா வகுப்புகளுக்கும் அரையாண்டுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு விளைவு உண்டு: முழுத் தேர்வு ஒன்றைப் பிள்ளை தொடக்கநிலை ஆறில் முதன்முறையாகச் சந்திப்பது ஆகஸ்டு வாக்கில் பள்ளியே நடத்தும் முன்னோட்டத் தேர்வான பிரிலிமில்தான். அந்தத் தாள்கள் பல பள்ளிகளில் கடினமாகவே இருக்கும். மதிப்பெண் குறைந்து வரும்போது, அதுவரை நிதானமாகப் போய்க்கொண்டிருந்த வீடுகள்கூட ஆட்டம் கண்டுவிடும். செப்டம்பர் ஒரு வார விடுமுறைக்கு ‘தீவிர வகுப்பு’ என்று துணைப்பாட நிலையங்களின் துண்டுப்பிரசுரம் அஞ்சல் பெட்டியில் விழுவதும் சரியாக அந்த நேரத்தில்தான். மூத்தவள் ஆண்டில் நாங்கள் எந்த வகுப்பிலும் சேர்க்கவில்லை. பிரிலிம் தாள்களில் அவள் தவறவிட்டவற்றை மட்டும் ஒரு கொப்பியில் ஒட்டி, இரண்டு நாள் விட்டு ஒருமுறை, ஒரு வாரம் விட்டு ஒருமுறை போட வைத்தோம். அது கனமான கொப்பியும் இல்லை.

தூக்கத்தில் மட்டும் எங்கள் வீட்டில் பேரம் கிடையாது. காலை 7.30க்குப் பள்ளி என்றால் ஆறு மணிக்கு எழ வேண்டும். அந்த வயதுக்கு ஒன்பது மணி நேரமாவது தேவை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள், ஆகவே ஒன்பது மணிக்கு விளக்கு அணைந்துவிடும், கணக்குப் பாதியில் நின்றாலும்.

எழுத்துத் தேர்வு வரும் வாரத்தைப் பற்றித்தான் இப்போது எனக்கும் என் கணவருக்கும் இழுபறி. வழக்கப்படி வியாழன் ஆங்கிலம், வெள்ளி கணிதம், நடுவில் சனி ஞாயிறு, திங்கள் தாய்மொழி, செவ்வாய் அறிவியல். அந்தச் சனியும் ஞாயிறும் அவருக்குப் பொக்கிஷமாகத் தெரிகின்றன. அறிவியலை முதலிலிருந்து ஒரு சுற்று ஓட்டிவிடலாம் என்கிறார். சனிக்கிழமை நீச்சல்குளம், ஞாயிறு காலை அவனுடைய பழைய தமிழ்க் கட்டுரை இரண்டை அவனே சத்தமாக வாசிக்க வேண்டும், சாயங்காலம் அறிவியல் தவறுக் கொப்பியை ஒரு புரட்டு என்கிறேன் நான். முடிந்த தாளின் விடையைப் பற்றி வெள்ளிக்கிழமை இரவு யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதில் மட்டும் இருவருக்கும் உடன்பாடு. நீச்சலை ஒரு மணி நேரமாகக் குறைக்கலாமா என்று நேற்று கேட்டார். போக வரவே ஒரு மணி நேரம் ஆகுமே என்று சொல்லியிருக்கிறேன்.