அடிக்கிற கைக்கு எந்த நாடு?

"வெள்ளையள் பிள்ளையளுக்கு அடிக்க மாட்டினம், ரீச்சர். அது அவையின்ர சுபாவம். நாங்கள் அடிச்சுத்தான் வளர்ப்பம்."

ஸ்டாக்ஹோம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் கற்பிக்கிற எனக்கு இந்தப் பேச்சு மனப்பாடம். சிலர் இதைப் பெருமையோடு சொல்வார்கள். சிலர், சோசல்காரர் (சமூகசேவை அதிகாரிகள்) வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயத்தோடு சொல்வார்கள். இதன் மறுபாதி ஆசிரியர் அறையில் சுவீடிஷ் மொழியில் காதில் விழும். தமிழ்ப் பிள்ளை ஒன்று முகம் வாடி வந்தால், "உங்கள் கலாசாரத்தில் இது வழக்கம்தானே?" என்று, நான் நொந்துவிடக் கூடாதே என்ற கவனத்தோடு கேட்பார்கள். ஒரு நாளும் சேர்ந்து உட்கார்ந்து பேசியிராத இரு தரப்புக்கும் இதில் மட்டும் பூரண உடன்பாடு: சுவீடன்காரர் பிறவியிலேயே சாந்தம், தமிழர் பிறவியிலேயே அடிகாரர். (பிள்ளைக்கு அடி விழுகிறது என்று சந்தேகம் வந்தாலே அறிவிக்க வேண்டியது இங்கே ஆசிரியரின் சட்டக் கடமை. கலாசாரத்தின் பெயரால் நான் அதைத் தட்டிக்கழிப்பதில்லை. அது வேறு கதை.)

பிறவிச் சாந்தத்தை முதலில் பார்ப்போம். எசமான் வேலைக்காரரை அடிக்கும் உரிமை சுவீடனில் 1858 வரை இருந்தது. வயது குறைந்த வேலையாட்கள் 1920 வரை அதற்குத் தப்பவில்லை. ஆரம்பப் பள்ளிகளில் அடி நின்றது 1958இல். பெற்றோரும் அடிக்கக் கூடாது என்ற சட்டம் 1979 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உலகிலேயே அதுதான் முதல். நாடாளுமன்றத்தில் 259 பேர் ஆதரவு, 6 பேர் எதிர்ப்பு. வீட்டு மேசைக்கு வரும் பால் பெட்டியில்கூட விளக்கம் அச்சடித்தார்கள். பிறவிச் சாந்தக்காரருக்கு இவ்வளவு விளம்பரம் எதற்கு?

அதோடும் முடியவில்லை. ஸ்டாக்ஹோமில் ஒரு சுயாதீனத் திருச்சபையைச் சேர்ந்த பெற்றோர் சிலர், வேதாகமம் பிரம்பை விலக்கவில்லை, இந்தச் சட்டம் எங்கள் மத சுதந்திரத்தையும் குடும்ப வாழ்வையும் மீறுகிறது என்று ஐரோப்பிய மனித உரிமை ஆணைக்குழு வரை போனார்கள். 1982இல் ஆணைக்குழு அதை ஏற்க மறுத்தது. போனவர்கள் அகதிகளல்ல, இந்த மண்ணின் லூத்தரன் காற்றில் வளர்ந்தவர்கள்.

ஈஸ்டர் வந்தால் சந்தையில் பேர்ச் மரக் கிளைகளைக் கட்டுக்கட்டாக, நுனியில் மஞ்சளும் ஊதாவுமாகக் கோழி இறகு கட்டி விற்பார்கள். பூச்சாடியில் வைத்தால் வீடு களைகட்டிவிடும். ஒரு காலத்தில் பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளை நினைவூட்ட வீட்டிலுள்ளவர்களை விளாசிய கிளைதான் அது. எங்கள் பள்ளியில் மரவேலை கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவர், ஸ்மோலாண்ட் கிராமத்துக்காரர், அந்தக் கிளையைக் காட்டிச் சொன்னார்: "அடிக்க முன்னம் அப்பா கதிரையை ஒதுக்கி வைப்பார். கோபப்படவே மாட்டார். அடிச்சு முடிய எல்லாரும் சேர்ந்து ஜெபம்."

அந்தக் கோபமில்லாத அடியைச் சுவீடிஷ் திரைப்பட இயக்குநர் பெர்க்மன் படமாக எடுத்திருக்கிறார். போதகரின் மகனான அவருடைய ‘ஃபேனி அண்ட் அலெக்சாண்டர்’ வந்ததும் அதே 1982இல்தான். அதில் வரும் பிஷப் கம்பளம் தட்டும் பிரம்பால் சிறுவனை அடிக்கிறார். நேசத்தால்தான் தண்டிக்கிறேன் என்று நிதானமாக விளக்கமும் சொல்கிறார். கடவுள் தாம் நேசிப்பவரையே கண்டிக்கிறார், தகப்பன் மகனைக் கண்டிப்பதுபோல என்பது எபிரெயர் நிருபத்தின் வாதம். பிஷப் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

இதை நான் யாழ்ப்பாணத்தில் சைவசமய வகுப்பிலேயே கேட்டிருக்கிறேன். 13ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அச்சொட்டாக இதைத்தான் சொல்கிறார்: சொல் கேளாத பிள்ளையைத் தாய் தகப்பன் வளாரால் அடிப்பார்கள், கட்டியும் போடுவார்கள், யோசித்தால் எல்லாம் பரிவே, ஈசனின் கோபமும் அப்படியே. சைவம் இதற்கு மறக்கருணை என்று பெயர் வைத்திருக்கிறது. ஆக, பிஷப்பும் எங்கள் சிவாசாரியாரும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். சுவீடிஷ் சுபாவம் எங்கே, தமிழ்ச் சுபாவம் எங்கே?

சிவாசாரியார் அங்கே பிள்ளை வளர்ப்புச் சொல்லித்தரவில்லை. சிவன் அருளே உருவானவன் என்றால் உயிர்களுக்கு ஏன் இவ்வளவு துன்பம் என்ற கேள்விக்குப் பதில் தேடுகிறார். கேட்பவருக்குப் பழகிய ஒன்றை உவமையாக எடுத்தார், அவ்வளவுதான். தகப்பனைக் காட்டிக் கடவுளை விளங்கவைத்தார். நாங்கள் அதைத் தலைகீழாக்கி, கடவுளைக் காட்டித் தகப்பனுக்கு அனுமதிச் சீட்டு எழுதிவிட்டோம். சித்தாந்தத்தில் இறைவனுக்கு விருப்பு வெறுப்பு இல்லை. உயிரின் வினை எவ்வளவென்று அறிந்து, பக்குவம் பார்த்து, அவ்வளவே ஊட்டுகிறான். இரவுவேலை முடிந்து, ரயிலைத் தவறவிட்டு, பனியில் நடந்து வந்து, வாசலில் தடக்கிய சப்பாத்துக்காகப் பிள்ளையின் முதுகில் போடுகிற தகப்பனுக்கு அந்த அளவு தெரியுமா? அவனை அடிக்கவைத்தது பிள்ளையின் வினையா, ரயிலா?

‘எங்கட கலாசாரம்’ என்பதிலும் கொஞ்சம் கலப்படம் உண்டு. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் திண்ணைப் பள்ளிக்கூடக் கோதண்டம் நம்முடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் வாத்தியார் மாணவனைப் பிரம்பால் அடிப்பது குற்றமாகாது என்பதை உதாரணமாகவே எழுதி வைத்தது, ஆங்கிலேயர் இலங்கைக்குக் கொடுத்த 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை. மதுரையில் பிட்டுக்கு மண் சுமந்த சிவனின் முதுகில் பாண்டியன் போட்ட அடி எல்லா உயிர்களிலும், பாண்டியன் முதுகிலும் விழுந்தது என்ற கதையும் நம்முடையதே. அதை ஏனோ இந்த வழக்கில் யாரும் சாட்சிக்கு அழைப்பதில்லை.

இதையெல்லாம் சொன்னபோது ஒரு தகப்பன் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "சரி ரீச்சர், சொல்லுக் கேளாட்டி என்னதான் செய்யிறது?" என்றார். நியாயமான கேள்வி, சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை. அந்த மரவேலை ஆசிரியர் சொன்னதை அவருக்குச் சொன்னேன். அந்த ஆசிரியருக்கு மகன் பிறந்தது சட்டம் வந்த பிறகு. கை தன்பாட்டில் எழும்புமாம். எழும்பின கையை என்ன செய்வதென்று தெரியாமல் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வளவைச் சுற்றி நடந்துவிட்டு வருவாராம்.

"அவையளுக்கும் எழும்புமோ?" என்றார் தகப்பன்.

"பின்னே, தம்பி?"