முள் மரத்தை வெட்டுவது ஆகுமா?

மரம் நட்டு, அதன் பலனை மனிதனோ பறவையோ உண்டால் நட்டவருக்கு அது ஸதக்கா என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அப்படியிருக்க, ஏரிக்கரையில் மண்டிய சீமைக் கருவேலத்தை வெட்டுவது ஆகுமா என ஆவடி இளைஞர் சிலர் வினவுகின்றனர்.

பாதையில் கிடந்த முட்கிளையை அகற்றியவரை அல்லாஹ் மன்னித்தான் என்பதும் ஹதீஸ்தான். 1877 வாக்கில் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்ட இம்மரம், தன் நிழலில் நாட்டுச் செடிகளைத் தழைக்க விடாது. இதுபோன்ற அந்நியச் செடிகளை அகற்ற 2022-ல் தமிழக அரசும் கொள்கை வகுத்தது. ஆகவே, ஆகும்.

ஆனால் ஏழை வீட்டு அடுப்புக்கு அதுதானே விறகு! வெட்டியதைக் காசாக்காமல் அவர்களுக்கே கொடுங்கள். கூடு கண்டால் குஞ்சு பறக்கும்வரை பொறுங்கள். தூரை விட்டால் மறுபடி துளிர்க்கும். வேரோடு தோண்டி, அந்தக் குழியிலேயே புங்கன்றோ வேம்போ நடுங்கள்.