வெயிலும் கடனும்

நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்வோர் நிழலைத் தேடுவர். பனிநாட்டில் வாழ்வோர் வெயிலைத் தேடுவர். தம்மிடம் இல்லாததை நாடிச் செல்லுதல் மாந்தர்க்கு இயல்பே. ஆயின், அவ்வாறு நாடிச் சென்று நலம் பெற்றவன் அந்நலத்திற்காக எவருக்கேனும் கடன்பட்டவன் ஆகிறானா? கதிரவன் விலை கேட்பதில்லை; ஆகவே வெயிலில் அமர்ந்தவனுக்குக் கடன் ஏது என்று கேட்கலாம். இவ்வினாவை ஆராய மத்தியதரைக் கடலின் வடகரை வரலாறு பெரிதும் துணைபுரியும்.

பிரான்சு நாட்டின் தென்கிழக்கு மூலையில் ஆல்ப்ஸ் மலைத்தொடர் கடலை நெருங்கி நிற்கிறது. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை மலை தடுக்கிறது. கோடையில் வெப்பத்தை ஏற்ற கடல், குளிர்காலத்தில் அதைச் சிறிது சிறிதாகக் கரைக்கு வழங்குகிறது. இலண்டன் மூடுபனியில் மூழ்கியிருக்கும் நாளில் இங்கே எலுமிச்சையும் ஆரஞ்சும் பழுத்துத் தொங்கும். மருத்துவரும் எழுத்தாளருமான டோபையாஸ் ஸ்மாலெட் உடல் நலம் குன்றி 1763ஆம் ஆண்டில் நீஸ் நகருக்கு வந்தார். 1766இல் அவர் வெளியிட்ட பயண நூல் அவ்வூரின் வெயிலைப் புகழ்ந்தது, ஊராரையோ இகழ்ந்தது. பின்னர் ஆங்கிலேயர் பலர் வந்தனர். 1864இல் புகைவண்டி நீசை எட்டியது. உருசியப் பெருங்குடியினரும் வந்து சேர்ந்தனர். இலையுதிர் காலத்தில் வந்து, இளவேனிலில் திரும்புவது வழக்கமாயிற்று. குளிர்காலத் தங்கலுக்கென வளர்ந்த நகர் என்பதனாலேயே யுனெஸ்கோ நிறுவனம் 2021இல் நீசை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வந்தோர் அனைவரும் இன்பம் நுகர வந்தவர் அல்லர். காசநோய்க்கு அந்நாளில் மருந்து இல்லை. அதன் கிருமியையே ராபர்ட் காக் 1882இல்தான் கண்டறிந்து அறிவித்தார். எனவே மருத்துவர்கள் வெயிலையே மருந்தாக எழுதிக் கொடுத்தனர். ஜேம்ஸ் ஹென்றி பென்னட் என்னும் இலண்டன் மருத்துவர், தாம் பிழைப்பது அரிது என்ற எண்ணத்துடன் 1859இல் மெந்தோன் என்னும் சிற்றூருக்கு வந்தார், ஆனால் தேறினார். அவருடைய நூலைப் படித்த நோயாளர் பலர் அங்கே திரண்டனர். தேறாதவர்கள் அவ்வூர்க் குன்றின்மேல் உள்ள கல்லறைகளில் உறங்குகின்றனர். உயிரைக் காக்க வெயிலை நாடியவரைச் சோம்பர் என்று தள்ளுதல் அறமாகாது.

எனினும், இடம் மாறினால் மட்டும் இன்பம் வந்துவிடுமா? ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் தம் இருபத்து மூன்றாம் அகவையில், 1873-74ஆம் ஆண்டின் குளிர்காலத்தை மெந்தோனில் கழித்தார். அப்பட்டறிவைக் கொண்டு அவர் எழுதிய கட்டுரையில் ஓர் உண்மை தெளிவாக வெளிப்படுகிறது. நோயாளி அழகிய இடத்திற்கு வருகிறான். அது அழகியதென்று அறிகிறான். ஆயினும் அவ்வழகு அவன் உள்ளத்தைத் தீண்டுவதில்லை. கண்ணுக்கு எட்டியது நெஞ்சுக்கு எட்டவில்லை. வெயில் உடலைச் சுடலாம். உள்ளத்தில் உயிர்ப்பு இல்லையேல் அது சுவரில் விழும் வெயிலுக்கு ஒப்பாகும்.

உள்ளம் உயிர்ப்புடன் இருப்பதற்கு அடையாளம் என்ன? பிறர் துயர் அதனுள் புகுவதே. 1820களின் தொடக்கத்தில், கடுங்குளிரால் வாழ்விழந்தோர் பலர் நீஸ் நகரில் கையேந்தி நின்றனர். அங்கே தங்கியிருந்த லூயிஸ் வே என்னும் ஆங்கிலச் சமயகுரு தம் நாட்டாரிடம் பொருள் திரட்டினார். அதைப் பிச்சையாக வழங்காமல், கடலோரமாக ஒரு நடைபாதை அமைக்கச் செய்து, உழைத்தோர்க்குக் கூலியாக வழங்கினார். ஊரார் அதனை 'ஆங்கிலேயர் பாதை' என்றனர். இன்று உலகப் புகழ் பெற்ற நீஸ் கடற்கரைச் சாலையின் தொடக்கம் அதுவே.

இதனை அறம் என்பதா, தன்னலம் என்பதா? அப்பாதையில் உலாவியவர்கள் பொருள் கொடுத்த ஆங்கிலேயரே. கல் சுமந்தவருடைய பெயர் அப்பாதைக்கு வாய்க்கவில்லை. இக்குறையை மறைத்தல் தகாது. ஆயினும் கையேந்தியவன் கருவி ஏந்தினான். தலை நிமிர்ந்து கூலி பெற்றான். பாதையும் ஊருக்கு நிலைத்தது. வள்ளுவர் ஈகை அதிகாரத்திற்கு முன்னர் ஒப்புரவறிதலை வைத்தார். ஈகை, இரந்தவனுக்குக் கொடுப்பது. ஒப்புரவோ, தான் வாழும் உலகின் நடையறிந்து அதனோடு ஒத்து உதவுவது. அவ்வதிகாரம் கைம்மாறு நோக்காத மழையைக் காட்டியே தொடங்குகிறது. அந்த அளவுகோலால் அளந்தால் ஆங்கிலேயர் பாதை முழுமையான ஒப்புரவு ஆகாது. அதன் முதற்படி எனலாம். வெயிலைப் பெற்றுக்கொண்டு ஊராரை இகழ்ந்து சென்ற ஸ்மாலெட்டைவிட, ஊராரின் பசியைக் கண்ட வே உயர்ந்தவரே.

இனி, விருந்தினனுக்கு மற்றுமொரு கடனும் உண்டு. அது, குளிரிலே விட்டு வந்தவர்களுக்குரியது. 1897ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆண்டன் செகாவ் நுரையீரலிலிருந்து குருதி பெருகி வீழ்ந்தார். அவ்வாண்டின் குளிர்காலத்தைக் கழிக்க நீஸ் சென்றார். அறைக்கு வெளியே வெயிலும் பூக்களும் நிறைந்திருந்தன. அங்கே அமர்ந்து அவர் எழுதிய கதைகளுள் ஒன்று உருசியச் சிற்றூர் ஆசிரியை ஒருத்தியைப் பற்றியது. பதின்மூன்று ஆண்டுகளாக அவள் ஒரே பள்ளியில் பணியாற்றுகிறாள். நகரில் சம்பளம் பெற்று, கட்டை வண்டியில் திரும்புகிறாள். வண்டி ஆற்றைக் கடக்கையில் அவளுடைய காலணிகள் நனைகின்றன. வாங்கி வந்த மாவும் சர்க்கரையும் நனைகின்றன. அவளுடைய தனிமையை அறிவார் எவருமிலர். வெயிற்கரையில் அமர்ந்தவர்க்கு அந்தச் சேற்று வழியும் ஈரக் காலணிகளும் மறக்கவில்லை! அம்மட்டோ? பிரெஞ்சு நூல்களை வாங்கித் தாம் பிறந்த தாகன்ரோக் நகரின் நூலகத்திற்கு அனுப்பினார். 1898 சனவரியில், பழி சுமத்தப்பட்ட திரைஃபசுக்காக எமிலி சோலா குரல் எழுப்பியபோது, நெருங்கிய நண்பரின் மனம் கசக்கும் என்று அறிந்தும் சோலாவின் பக்கமே நின்றார். ஓய்வு அவருடைய நுரையீரலைக் குணப்படுத்தவில்லை. 1904இல் அவர் மறைந்தார். ஆயினும் அக்குளிர்காலம் வீணாயிற்று என எவரே கூறுவர்?

இன்றும் வடநாட்டு முதியோர் பலர் எசுப்பானியக் கடற்கரைகளில் குளிர்காலத்தைக் கழிக்கின்றனர். அது தவறன்று. உழைத்தவர்க்கு ஓய்வும் நோயுற்றவர்க்கு இளவெயிலும் உரியனவே. ஆனால், தங்கிய ஊரின் பசியும் நீங்கி வந்த ஊரின் குளிரும் நெஞ்சில் படவில்லையெனில், அவ்வோய்வு வெறும் ஒளிதல் ஆகிவிடும். கதிரவன் விலை கேட்பதில்லை என்பது உண்மையே. விலை கேளாமல் கொடுக்கப்பட்டதன் கடனை, பெற்றவனே உணர்ந்து பிறர்க்குத் தீர்க்க வேண்டும். நிழலில் அமர்ந்தாலும் வெயிலில் அமர்ந்தாலும் மாந்தர்க்கு நீதி ஒன்றே.