திருநீறும் பொருளின் மாற்றமும்

ஆலயத்தில் நாள்தோறும் நிகழும் காரியங்களை உற்றுநோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். இறைவன் சந்நிதிக்குக் கொண்டுவரப்படும் பொருள்களிற் பல, வந்தபடியே இருப்பதில்லை. தேங்காய் உடைக்கப்படுகிறது. சந்தனக்கட்டை கல்லில் உரைக்கப்படுகிறது. நெய் திரியில் எரிகிறது. கர்ப்பூரம் சுடராகிறது. ஆனால் இம்மாற்றங்கள் யாவும் ஒரே வகையினவல்ல.

பாடசாலையில் விஞ்ஞானம் கற்கும் பிள்ளைகள் இவற்றைப் பௌதிக மாற்றம், இரசாயன மாற்றம் என இரண்டாக வகுப்பர். வடிவமோ நிலையோ மாத்திரம் மாறினால் முன்னையது; பொருளே வேறொன்றாகிவிட்டால் பின்னையது. மீண்டும் பழைய நிலைக்கு வருமா என்று பார்த்து இதனைத் தீர்மானிக்கலாம் எனப் பலர் எண்ணுவர். அது முற்றிலும் சரியன்று. உடைத்த தேங்காய் மறுபடி ஒட்டாது. எனினும் இரு பாதியும் தேங்காயே. உரைத்த சந்தனமும் சந்தனமே. புதிய பொருள் தோன்றிற்றா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

கர்ப்பூரம் இவ்விரு மாற்றங்களையும் காட்டவல்லது. மூடாத பேணியில் வைத்த கட்டி நாளுக்குநாள் சிறுத்துப்போவதை இல்லத்தரசிகள் அறிவர். அது உருகாமலே ஆவியாகிறது. இதனைப் பதங்கமாதல் என்பர். அந்த ஆவியும் கர்ப்பூரமே; அதன் மணமே அதற்குச் சாட்சி. குளிர்ந்த இடத்திற் படிந்தால் மீண்டும் வெண்பளிங்காகும். அதே கட்டியைத் தட்டில் வைத்து ஏற்றினாலோ, அதன் காபனும் ஐதரசனும் காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடிக் காபனீரொட்சைட்டும் நீராவியுமாகப் போகின்றன. சாம்பல் எஞ்சுவதில்லை. (தட்டில் ஒட்டும் கரி, காற்றுப் போதாமையால் எரிந்து முடியாத காபனே.) ஆன்மா தன்முனைப்பு அற்று இறைவனோடு ஒன்றுதற்குப் பெரியோர் இச்சுடரையே உவமையாகக் கூறுவர். பேணிக்குள் கரைந்துபோன கர்ப்பூரத்தை எவரும் அதற்கு உவமை சொல்வதில்லை.

இனித் திருநீற்றை நோக்குவோம். நல்லூரில் 1822 ஆம் ஆண்டு அவதரித்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் தமது சைவ வினாவிடையிலே, பசுவின் சாணத்தை அக்கினியிற் சுட உண்டாவதே விபூதி எனவும், வெண்ணிறமானதே தரிக்கத்தக்கது எனவும் விளக்கியுள்ளார். இவ்விரண்டு விதிகளும் ஆழ்ந்து சிந்திக்கற்பாலன.

சாணத்தை உருண்டையாக்கி வெயிலில் உலர்த்தும்போது நீர் மாத்திரமே நீங்குகிறது. உலர்ந்த உருண்டையும் சாணமே. இது பௌதிக மாற்றம். பின்னர் உமியினுள் புதைத்து நெருப்பிட்டால், சாணத்திலுள்ள புல்லின் நாரும் பிறவும் முதலிற் கரியாகும். அவ்விடத்தில் தீ அவிந்தால் கிடைப்பது கருநிறப் பொருளே. காற்றுப் படப்பட, மெல்ல மெல்ல, அக்கரியும் எரிந்து காபனீரொட்சைட்டாக நீங்கும். எஞ்சுவன சிலிக்கா, கல்சியம், மகனீசியம், பொற்றாசியம் முதலியவற்றின் சேர்வைகள். அவை மேலும் எரியமாட்டா. எனவே வெண்மை என்பது எரியவேண்டியது முழுதும் எரிந்தமைக்கு அடையாளம்; கருமை, இன்னும் எரிய இருப்பதற்கு அடையாளம். மும்மலமும் நீறாகியதைக் குறிக்கும் சின்னம் வெண்மையாயிருத்தல் எத்துணைப் பொருத்தம்!

சாணம் நிலத்தில் விழுமுன் தாமரையிலையில் ஏந்தவேண்டும் என்ற விதியையும் சிலர் வெறும் ஆசாரம் என்பர். மணல் கலந்தால் அது உமித்தீயில் எவ்வித மாற்றமும் அடையாது. மணலாகவே நீற்றில் கிடந்து நெற்றியில் உறுத்தும். ஏந்துவோர்க்கு இது தெரிந்திருந்ததோ இல்லையோ, பயன் உண்டு.

எரிந்தது இல்லாமற் போயிற்று என்றும் எண்ணற்க. இரசாயன மாற்றத்தின் முன்னும் பின்னும் மொத்தத் திணிவு ஒன்றே என்பதைப் பிரான்சு நாட்டு இலவோசியே 1789 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்னும் சற்காரியவாதத்தைக் கற்ற சைவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. தோட்டக்காரர் சாம்பலைப் பயிருக்கு இடுவதும் இதனாலன்றோ? அச்சத்துக்களைப் புல் உறிஞ்ச, புல்லைப் பசு மேய்கிறது.

இக்காலத்தில் வருத்தந்தரும் ஒரு விடயமும் உண்டு. சுண்ணாம்புக்கல் முதலியவற்றை அரைத்து, வாசனை சேர்த்து, விபூதி எனப் பொதிசெய்து விற்பதுண்டு. பார்வைக்கு வெள்ளை, கைக்கு மென்மை. ஆயின் அரைப்பது பௌதிக மாற்றம். எத்தனை நுண்ணிதாக அரைத்தாலும் கல் கல்லே. அது நெருப்பைக் கண்டதுமில்லை, நீறானதுமில்லை. நீறு என்ற பெயருக்கே அதனிடம் உரிமையில்லை. விலை மலிவென்று வாங்குவோர் சந்நிதியில் எதைக் கைநீட்டிப் பெறுகிறார்கள் என்று ஒருகணம் எண்ணிப்பார்க்கவேண்டாமா? வீட்டுக்கு வீடு பசு நின்ற காலத்தில் இக்கேள்வி எழவில்லை. இன்று ஊரில் மாடு வளர்ப்போர் சிலரே. அச்சிலரிடம் சாணம் பெற்று ஆலயத்திலேயே நீற்றுவது முடியாத காரியமன்று, பொறுமைதான் வேண்டும்.

சிவராத்திரியன்று மூட்டிய உமிக்குவியலை அவசரப்பட்டுக் கிளறலாகாது. தானாக ஆறியபின் உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உடைத்துப் பார்ப்பர். உள்ளும் புறமும் வெளுத்தவை மெல்லிய துணியில் அரிக்கப்பட்டுப் புதுப்பானையில் சேரும். நடுவே கருமை தெரிபவை மறுபடியும் நெருப்புக்குப் போகும்.