திண்ணைத் தோழர்களும் ஏரிக்கரைச் சிறார்களும்

கல்வி பெறும் உரிமை பிள்ளைக்கு உரியதா, பிள்ளை குடியிருக்கும் வீட்டுக்கு உரியதா? விடை எளிதென்று தோன்றும். பள்ளி வாசலில் கேட்கப்படும் கேள்விகளைக் கவனித்தால் அத்தனை எளிதன்று.

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் ஏரிக்கரைப் புறம்போக்குகளில் ஓலையும் தார்ப்பாயும் போர்த்திய குடிசைகளைக் காணலாம். பட்டா இல்லாத அவ்விடங்களில் இருளர் பழங்குடியினர் பலர் வாழ்கின்றனர். அரிசி ஆலை, செங்கல் சூளை, கரும்பு வெட்டு, கரிமூட்டம் என வேலை கிடைக்கும் இடமே அவர்களுக்கு ஊர். முன்பணம் வாங்கிய குடும்பம் தை பிறந்ததும் சூளைக்குப் புறப்படும். மழைக்காலம் நெருங்கும்போதுதான் திரும்பும். ஆண்டுத் தேர்வு நடக்கும் மாதங்கள் அவையே. பிள்ளையின் பெயர் ஊர்ப்பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். பிள்ளையோ எங்கோ பச்சைச் செங்கல்லைப் புரட்டிக்கொண்டிருக்கும். கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. முன்பணத்தின் பிடி மட்டும் இன்னும் தளரவில்லை.

இப்பிள்ளை வேறோர் ஊரில் பள்ளி வாசலில் நின்றால் முகவரி, பிறப்புச் சான்று, குடும்ப அட்டை, மாற்றுச் சான்று எனக் கேட்கின்றனர். நமக்கு அவை அலமாரியில் கிடக்கும் தாள்கள். ஒழுகும் குடிசையில் தாள் எத்தனை நாள் தங்கும்?

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் இதை முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை வயதுச் சான்று இல்லையென்று மறுக்கலாகாது. ஆண்டின் இடையில் வந்ததென்றும் மறுக்கலாகாது. வயதுக்கேற்ற வகுப்பில் அமர்த்த வேண்டும். இடம்பெயரும் குடும்பத்துப் பிள்ளைகளின் சேர்க்கை உள்ளாட்சியின் பொறுப்பு. ஆதார் இல்லை என்பதும் தடையாகாதென 2018இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. எனினும் சட்டம் தானாக நடந்து வாசலுக்கு வருவதில்லை. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தாரும் ஒரு சாதிச் சான்றுக்காகக்கூட நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது.

இது அரசுப் பள்ளியின் செய்தி, நமக்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். அங்குதான் என் மனம் உறுத்துகிறது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாதென 2014இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025இல் அதே மன்றத்தின் இரு நீதிபதிகள் அத்தீர்ப்பில் ஐயம் எழுப்பி, பேரமர்வின் ஆய்வுக்கு விடுத்தனர். அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவு தரும் உரிமையை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. அதைப் பேணியே ஆகவேண்டும். ஆயினும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது மார்க்கமும் விட்டுவிட்டது என்றாகுமா?

மதீனாவில் பெருமானார் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலை ஒட்டி நிழற்கூரையிட்ட ஓர் இடம் இருந்தது. வீடும் உற்றாரும் இல்லாதோர் அங்கே தங்கினர், அங்கேயே கற்றனர். திண்ணைத் தோழர்கள் என்று நாம் போற்றும் அவர்களுள் ஒருவரே, நபிமொழிகளை மிகுதியாக அறிவித்த அபூஹுரைரா (ரலி) அவர்கள். வீடின்மை அவர்களுடைய கல்விக்குத் தடையாகவில்லை. அவர்களைத் தங்கவைத்த இடமே கல்விக்கூடமும் ஆயிற்று.

அவர்கள் முஸ்லிம்கள், இப்பிள்ளைகள் அல்லரே எனலாம். பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்கத்துக் குறைஷிகளுள் எழுதத் தெரிந்தோர், அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்தே விடுதலை பெற்றனர் என்று வரலாறு கூறும். மாற்றாரின் கையிலிருந்து எழுத்தை வாங்கிக்கொண்ட சமுதாயம், கொடுக்கும்போது மட்டும் ஆள் பார்ப்பது எங்ஙனம் தகும்?

பள்ளி நடத்துவோரின் இடர்ப்பாடும் பொய்யன்று. பாதி ஆண்டில் வந்து பாதி ஆண்டில் போகும் பிள்ளைக்கு ஆசிரியர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தேர்ச்சி விழுக்காடு குறையும். கட்டணம் செலுத்தும் பெற்றோர் முகம் சுளிப்பர். இதற்குப் பொருள் வேண்டும், பொறுமையும் வேண்டும். திருமண விருந்துகளுக்கு நாம் செலவிடும் தொகையை எண்ணினால், பொருள் இல்லையென்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. பொறுமையைப் பற்றி ஆசிரியர்கள்தாம் சொல்ல வேண்டும்.

வரும் ஜூன் மாதச் சேர்க்கைக்கு முன் நம் ஜமாஅத்தார் தத்தம் ஊர்ப் பள்ளி அலுவலகத்துக்கு ஒருமுறை சென்றுவர வேண்டும். விண்ணப்பத்தில் முகவரிக்கு நேரே 'ஏரிக்கரை' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் எழுத்தர் வாங்கிக்கொள்வாரா என்று கேட்டு வர வேண்டும்.