முதல் ஆள்

‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்பது தப்பு, ‘ஆயிரம் வேரைக் கொண்டவன்’ என்பதுதான் மருவிவிட்டது என்று ஒரு ஃபார்வர்டு வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிடும். வேரா, பேரா என்று தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. அந்தத் திருத்தத்தின் மேல் நமக்கு இருக்கும் பிரியம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேர் என்றால் நிம்மதி. பேர் என்றால் அந்த ஆயிரத்தில் நம் வீட்டு ஆள் ஒருவரும் இருந்திருக்கலாம்.

என் அப்பா இருந்தார். சாகவில்லை, ஆனால் இருந்தார்.

2017-ல் ஒரு கோயில் திருவிழாவுக்கு வெளியூர் போயிருந்தோம். இரவு சொந்தக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போன அப்பாவை ஒரு வேன் இடித்துவிட்டது. 108 வந்து பக்கத்து அரசு மருத்துவமனையில் சேர்த்தது. இடது பக்கம் மூன்று விலா உடைந்து, நெஞ்சுக்குள் ரத்தம். குழாய் போட வேண்டும் என்றார்கள். போட்டவர் ஒரு பி.ஜி. மாணவர், அன்றைக்கு என்னைவிடச் சின்னவர். குழாய் உள்ளே போனது, ஆனால் ரத்தம் வரவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் அது நெஞ்சுக்கூட்டுக்குள் போகாமல் தோலுக்கும் விலாவுக்கும் நடுவில் படுத்திருந்தது. மாடியிலிருந்து ஒரு ஏ.பி. இறங்கி வந்து, நாலு நிமிஷத்தில் வேறொன்று போட்டார். பாட்டிலில் சிவப்பாக இறங்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில்தான் நர்ஸ் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது: “முதல் தடவையா சார்?”

நான் கத்தினேன். “எங்கப்பா என்ன நீங்க பழகுறதுக்கா படுத்திருக்காரு?” அந்தப் பையன் “சாரி சார்” என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை.

அப்பா கோவையில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து, தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டார். “பழகற பையனுக்கு மொதல்ல ஸ்க்ராப் பீஸைத்தான் குடுப்போம். ஏங்கண்ணு, நான் ஸ்க்ராப்பா?” சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கு இன்றுவரை அதற்கு முழுசாகப் பதில் கிடைக்கவில்லை.

நான் எழுதும் மென்பொருளில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு தப்பு செய்தால் ஸ்டேஜிங்கில் உடையும். புரொடக்‌ஷனில் உடைந்தாலும் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடலாம். உடம்புக்கு அப்படித் திரும்புவது கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் என்னை உறுத்துவது இன்னொன்று. ஹெர்னியா ஆபரேஷனுக்கு வருபவரிடம் ‘பயிற்சி மருத்துவரும் இருப்பார், சம்மதமா?’ என்று குறைந்தபட்சம் கேட்க முடியும். விபத்தில் வருபவரிடம் கேட்கவே முடியாது. பாதி நினைவு, பாதி மூச்சு. எதற்கும் சம்மதம் தர முடியாத நிலையில் இருக்கும் ஆளிடம்தான் மிக அவசரமான கைவேலையைப் பழக வேண்டியிருக்கிறது. குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிப் பாட்டு மருத்துவத்துக்கு நான்கு அங்கம் சொல்கிறது: நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்தில் இருந்து செய்பவன். பழகுகிறவன் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் அவன் இல்லாமல் அந்த இரண்டாவது ஆள் எங்கிருந்து வருவான்?

என் சித்தி மகள் போன வருஷம் அறுவை சிகிச்சையில் பி.ஜி. முடித்தாள். அவளிடம் அப்பா கதையைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். “எனக்கும் முதல்ல தோலுக்கு அடியிலதான் போச்சுண்ணா” என்றாள். பிறகு பேப்பரில் படம் போட்டுக் காட்டினாள். விலாவின் கீழ் விளிம்பை ஒட்டி நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகின்றன, அதனால் கீழே உள்ள விலாவின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டே உள்ளே போக வேண்டும். கருவி உள்ளே நுழையும்போது ஒரு ‘டக்’ இருக்கும். அப்புறம் விரலை விட்டுச் சுற்றிப் பார்க்க வேண்டும், நுரையீரல் விரலில் படும். “அந்த ‘டக்’கைப் புக்ல எழுத முடியாது. ஆட்டு விலா வாங்கி ஹாஸ்டல்ல பண்ணிப் பாத்தோம். பாதி வரும். மீதி ஆள்லதான் வரும்.”

மீதி ஆளில்தான் வரும். இந்த வாக்கியத்தைச் சுற்றித்தான் எல்லாப் பயிற்சித் திட்டங்களும் கட்டப்பட்டிருக்கின்றன. மருத்துவ உலகத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு: ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்றுக்கொடு. தங்கச்சியின் லாக்புக்கில் அது கொஞ்சம் நாகரிகமாக நான்கு படியாக இருந்தது: பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது. எண்ணிக்கை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். புரட்டிப் பார்த்தேன். ‘செய்யாமல் சீனியரைக் கூப்பிட்டது’ என்று ஒரு கட்டம் இல்லை.

இங்கே நெப்ராஸ்கா கதையைச் சொல்ல வேண்டும். 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் தன் சிறிய விமானத்தை ஓட்டி வரும்போது அது வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார். பிள்ளைகள் நாலு பேருக்கும் காயம். பக்கத்துச் சிற்றூர் மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சையைப் பார்த்து அவர் அதிர்ந்துபோனார். வயலில் கையில் எதுவும் இல்லாமல் தான் செய்த முதலுதவியே மேல் என்று தோன்றியிருக்கிறது. ஆனால் அவர் அந்த மருத்துவர்களைத் தூற்றிவிட்டு நிற்கவில்லை. அவர்களுக்கு யாரும் வரிசை சொல்லிக்கொடுக்கவில்லை என்று புரிந்துகொண்டார். 1978-ல் நெப்ராஸ்காவிலேயே முதல் பயிற்சி வகுப்பு நடந்தது, 1980-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதை எடுத்துக்கொண்டது. ஏ.டி.எல்.எஸ். என்று இன்று உலகம் முழுக்க நடப்பது அதுதான். நெடுங்காலம் அது சொல்லிவந்த வரிசை இது: முதலில் மூச்சுப் பாதை, பிறகு மூச்சு, பிறகு ரத்த ஓட்டம், பிறகு நினைவு, பிறகு உடம்பு முழுக்கத் திறந்து பார்ப்பது. என்ன வியாதி என்று முழுசாகத் தெரிய வேண்டியதில்லை. எது முதலில் கொல்லுமோ அதை முதலில் சரிசெய். நெஞ்சுக்குள் காற்று அடைத்து இதயத்தை நெருக்குகிறது என்று சந்தேகம் வந்தால் எக்ஸ்ரேக்குக் காத்திருக்காதே. திறமையான கையைவிட வரிசை மாறாத மனசை முதலில் உண்டாக்குகிற பாடத்திட்டம் அது. ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் அடித்து எழுந்து சர்வர் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இவ்வளவும் ‘முதல் ஆள்’ என்பவருக்கு ஆகும் சேதத்தைக் குறைக்கிறது. ஒழிப்பதில்லை. அந்த மிச்சத்தை யார் தாங்குவது?

இதற்கு வழக்கமான பதில், எல்லோருக்கும் லாபம் என்பது. அப்பாவைக் காப்பாற்றிய அந்த ஏ.பி.யும் யாரோ ஒருவர் அப்பாவின் மேல் பழகியவர்தானே. ஆக, அப்பா ஒரு பரம்பரைக் கடனைக் கொஞ்சம் கட்டினார், அதிலிருந்தே எடுத்தும் கொண்டார். சீட்டுப் போடுவதுபோல. நியாயமான பதில்தான், சீட்டில் எல்லோரும் பணம் கட்டுகிறவரை. நம் ஊரில் கட்டுபவர்கள் ஒரு பக்கம், எடுப்பவர்கள் இன்னொரு பக்கம். அரசு மருத்துவமனையில் தரையில் பாய் விரித்துப் படுக்கிற குடும்பங்கள் கட்டுகின்றன. அங்கே கை தேர்ந்தவர்களை, கம்பெனி இன்ஷூரன்ஸ் கார்டு வைத்திருக்கும் நான் கார்ப்பரேட் மருத்துவமனையில் ‘சீனியர் கன்சல்டன்ட்’ என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அமெரிக்காவிலும் இதே மனசுதான். அதுல் கவாண்டே 2002-ல் வெளிவந்த ‘காம்ப்ளிகேஷன்ஸ்’ நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பிறந்து சில நாளே ஆன தன் மகனுக்கு இதயக் கோளாறு. மருத்துவமனையில் நன்றாகப் பார்த்துக்கொண்ட பயிற்சி மருத்துவரை விட்டுவிட்டு, தொடர் சிகிச்சைக்கு அனுபவசாலியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவரே பயிற்சியில் இருந்த அறுவை மருத்துவர்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். விபத்து என்றால் நான் இன்றும் பெரிய அரசு மருத்துவமனைக்குத்தான் ஓடுவேன். ஒரு ராத்திரியில் அவர்கள் பார்க்கும் கேஸ்களைப் பல தனியார் இடங்கள் ஒரு மாதத்தில் பார்ப்பதில்லை. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு ஒரு வரம்பு வரை அரசே கட்டுகிறது, அதில் தனியார் மருத்துவமனைகளும் உண்டு. கதவு திறந்திருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார், அவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்பதுதான் கேள்வி. 1992-லேயே மத்திய சுகாதார அமைச்சகம் ரெசிடென்ட் மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி நேரம் என்று எழுதிவைத்தது. தங்கச்சியிடம் சொன்னேன். “வாரத்துக்கா, டியூட்டிக்கா?” என்று கேட்டாள்.

அப்பாவின் பட்டறையில் ‘ஃபர்ஸ்ட் பீஸ்’ என்று ஒன்று உண்டு. புது வேலை செட் பண்ணினால் முதலில் வரும் பீஸை மேஸ்திரி கையில் வாங்கி, கேஜ் வைத்து அளந்து, சரி என்ற பிறகுதான் மிஷின் மறுபடி ஓடும். அது ஸ்க்ராப் அல்ல. மற்ற நூறு பீஸைவிட அதற்குத்தான் கவனிப்பு ஜாஸ்தி. என் அப்பா அன்றைக்கு முதல் ஆளாக இருந்ததை என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. பக்கத்தில் மேஸ்திரி இல்லாத முதல் ஆளாக இருந்ததைத்தான் முடியவில்லை. ஏ.பி. மாடியில் வேறொரு வயிற்றைத் திறந்துகொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒருவர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேரைப் போடாதவர்கள் மேல் இருக்கிறது. அந்தப் பையன் கூப்பிடப் பயந்தானா, கூப்பிட்டும் ஆள் வரவில்லையா என்று நான் கேட்டிருக்கலாம். அதற்குப் பதில் கத்தினேன்.

“முதல் தடவைனு பேஷண்ட்கிட்ட சொல்லுவியா?” என்று தங்கச்சியிடம் கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். “சொன்னதில்ல. இப்ப என் ஜூனியர் பண்ணும்போது, ‘நானும் கூடவே இருக்கேன்’னு அட்டெண்டர்கிட்ட சொல்றேன். அது பொய் இல்லையே?”

அடுத்த மாதம் அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன். தனியார் மருத்துவமனை, பெயர் சொல்லிக் கேட்ட டாக்டர். அப்பாயின்ட்மென்ட் போட்டுவிட்டுச் சொன்னேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் போனில் அந்த டாக்டரின் படத்தையும், கீழே போட்டிருந்த படிப்பையும் கல்லூரிப் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாம் அரசுக் கல்லூரி.

“கை நல்லாப் பழகியிருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.